எங்கம்மா பேருல மருந்து வங்கி

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாமுங்க, நூல் தூசி. இப்படிக் காத்தாடிக்குக் கீழ வாங்க. தறி ஓடறதுனால சத்தமாத்தான் இருக்கும். கதவைச் சாத்திட்டா பேசறது காதுல விழும். டீ சொல்லியிருக்கேன், வந்துரும்.

போன் போட்டுக் கூப்பிட்டதுக்கு மதிச்சு வந்தீங்க பாருங்க, அதுவே பெரிசுங்க. நம்மூரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனையோ டாக்டருங்க வந்திருக்காங்க, போயிருக்காங்க. எல்லாரும் மொதல்ல இந்த அர்த்தநாரியைப் பார்த்து ஒரு வணக்கம் வச்சுட்டுத்தான் சோலியை ஆரம்பிப்பாங்க. நான் கேட்டு வாங்கறதில்லீங்க. அவங்களாச் செய்யறதுதான். உங்களுக்கு முன்னால இருந்துதே அந்த ஜெபசெல்வி டாக்டர், அது ஒண்ணுதான் வரலை. அது பேரைச் சொன்னாலே எனக்கு வாயெல்லாம் கசக்குதுங்க தம்பி. சீன்னு ஆயிப்போச்சு. நல்லது செய்யறதே வெறுத்துப்போச்சு.

நீங்க ஊருக்குள்ள நாலு பேருகிட்டக் கேப்பீங்க. உங்க மருந்துக் கவுண்டர்ல வேலாயுதம் வேற இருக்கான், அவன் அவனுக்குத் தோதா ஒரு கதை சொல்லுவான். அதுக்கு முன்னால நடந்தது நடந்தபடி நான் சொல்லிப்போடறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்கம்மா பேருல ஒரு அறக்கட்டளை வச்சிருக்கனுங்க. காளியம்மாள் நினைவு அறக்கட்டளை. எங்கம்மா இளைப்பு வந்து செத்துச்சு. அன்னைக்கு இதே ஆஸ்பத்திரியில ஊசி மருந்து இல்லைன்னு கையை விரிச்சுட்டாங்க. அப்ப எனக்கு மீசை கூட மொளைக்கலை. மூச்சு விட முடியாம அம்மா என் கையைப் புடிச்ச புடி இன்னும் இங்க இருக்குது பாருங்க, இந்த மணிக்கட்டுல. நான் நாலு காசு பார்த்தா அந்த ஆஸ்பத்திரியில மருந்து இல்லைங்கற பேச்சே இருக்கக் கூடாதுன்னு அன்னைக்கே நெனச்சனுங்க. இதை நான் மேடையில கூடச் சொல்றதில்லை. உங்ககிட்டச் சொல்றேன்.

வருசா வருசம் அம்மா செத்த நாளைக்கு ஏதாவது ஒண்ணு கொடுத்துருவேன். ஒரு வருசம் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குப் பை. ஒரு வருசம் வயசானவங்களுக்குக் கண்ணாடி. எல்லாம் ஒரே பவருங்க, ஒட்டுக்கா மொத்தமா வாங்கினா வெலை சல்லிசு. போட்டுப் பார்த்துட்டு ஒண்ணுமே தெரியலைன்னு ரெண்டு கெழவங்க மேடையிலயே சொன்னாங்க. கொடுக்கறப்பவே கொறை சொல்ற சனம் தம்பி இது.

போன வருசத்துக்கு முந்தின வருசம் மருந்துன்னு முடிவு பண்ணினேன். என்ற மகன் கோயமுத்தூர்ல பிளாட்டுல குடியிருக்கான். போயிருந்தப்பப் பார்த்தனுங்க, அவனவன் நாலு மாத்திரை தின்னுட்டு மீதி அட்டையைக் குப்பையில போடறான். காசுங்க அத்தனையும். அந்த பிளாட்டு வாசல்ல ஒரு டிரம் வச்சேன். வேண்டாத மருந்தை இதுல போடுங்க, ஏழைகளுக்குப் போகும்னு எழுதி வச்சேன். பக்கத்துல இருந்த பிளாட்டுலயும் வச்சாங்க. ஒரு மாசத்துல டிரம்மு டிரம்மா ரொம்பிப்போச்சு. அப்பறம் மருந்து மொத்த வியாபாரம் பண்றவரு ஒருத்தரு, நமக்கு வேண்டப்பட்டவரு, குடோன்ல கெடந்த சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் பெட்டி பெட்டியாக் கொடுத்தாரு. தேதி முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்துது. சும்மா கொடுத்தாருங்க. தானம்னு ஒரு ரசீது மட்டும் கேட்டாரு, போட்டுக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல பந்தல் போட்டு, அம்மா படம் வச்சு, பிளெக்ஸ் கட்டி, பெட்டியை எல்லாம் கோபுரமாட்டம் அடுக்கியாச்சு. பத்திரிகைக்காரங்க, போட்டோக்காரன் எல்லாம் வந்தாச்சு. டாக்டரம்மாவைக் கூப்பிடுங்கன்னா, பேஷண்ட் பார்த்துட்டு வரேன்னு சொல்லியனுப்பிச்சு. வெயில்ல நிக்கறேன் தம்பி நான். அப்பறம் வந்துது. சின்ன வயசு, தெக்கத்தி ஊருக்காரப் பொண்ணு. வந்து பெட்டியை வாங்கிக்கிட்டுச் சிரிக்கோணுமா இல்லையா? அது என்ன பண்ணுச்சு தெரியுங்களா? கீழ குத்தவச்சு உக்காந்து பெட்டியைப் பிரிச்சுப்போட்டுது.

பிரிச்சா, என்ன இருக்கும்? மருந்துதான் இருக்கும். பாதி வெட்டின அட்டை, பேரில்லாத அட்டை, மூடி கழண்ட சிரப்பு. ஒரு சிரப்பு ஒழுகி அந்தப் பெட்டி பூராவும் பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு, எறும்பு மொய்ச்சிருந்துது. அது நெசந்தானுங்க. ஆனா ஒரு பெட்டிதான். அந்தம்மா கையை அப்படியே தூக்கி எல்லாருக்கும் காட்டிட்டு எந்திரிச்சு நிக்குது.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல பாதி என்ன மாத்திரைன்னே எனக்குத் தெரியல. மீதிப் பாதி கொஞ்ச நாள்ல தேதி முடியுது. இதை நான் யாருக்குக் கொடுக்க?"

"ஏனுங்கம்மிணி, கோயமுத்தூர்ல படிச்சவங்க சாப்பிட்ட மருந்துங்க இது. நம்ம சனத்துக்கு ஆகாதுங்களா?" நான் பொறுமையாத்தான் கேட்டேன்.

"சாப்பிட்ட மருந்து இல்லய்யா இது. சாப்பிடாமத் தூக்கிப் போட்ட மருந்து."

பத்திரிகைக்காரங்க முன்னால சொல்லுது. எனக்கு மேலெல்லாம் புழு ஊருற மாதிரி இருந்துச்சு.

அப்பறம் என்னைத் தனியா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, தண்ணி கொடுத்து, ஒரு யோசனை சொல்லுச்சு பாருங்க. மருந்தெல்லாம் அரசாங்கம் காசில்லாமக் கொடுக்குதாம். மாவட்டக் கிடங்குல வந்து கெடக்குதாம். அங்கிருந்து இங்க கொண்டாரத்தான் வண்டி இல்லையாம். ஆஸ்பத்திரி ஜீப்பு ரிப்பேராகி நிக்குதாம். வேலாயுதம் பஸ்ஸுல பெட்டியை மடியில வச்சுக் கொண்டாரானாம், ஒரு நடைக்கு ரெண்டு பெட்டிக்கு மேல கண்டக்டரு ஏத்த மாட்டேங்கறானாம். அதனாலதான் பாதி நாள் மருந்து இல்லைன்னு சொல்ல வேண்டியிருக்குதாம்.

"உங்க டெம்போ வாரம் ஒருக்கா துணி ஏத்திக்கிட்டு அந்தப் பக்கம்தான போகுது. திரும்பி வரும்போது காலியாத்தான வருது. மாசம் ஒரு தடவை எங்க பெட்டிகளை ஏத்திட்டு வந்தாப் போதும்யா. வேற ஒண்ணும் வேண்டாம்."

கேட்டீங்களா? நான் அம்மா பேருல ஒரு காரியம் பண்ணிட்டு வந்து நிக்கறேன், என்னை லோடு அடிக்கச் சொல்லுது. சரி, ஏத்திட்டு வரேன்னே வச்சுக்குவோம். காலியா வர்ற டெம்போவுல அரசாங்க மருந்து வந்து எறங்குச்சுன்னா அதுல எங்கம்மா பேரை எங்கீங்க எழுதறது? எவன் வந்து போட்டோ எடுப்பான்? யாரோ கொடுத்த மருந்துக்கு நாம கூலியாளுங்களா? நான் எந்திரிச்சு வந்துட்டனுங்க. பந்தல்காரனுக்குக் கூட மூஞ்சி கொடுத்துப் பேச முடியலை.

நம்ம ஆளு ஒருத்தரு மேல இருக்காரு. பேரு வேண்டாம். அவருகிட்டப் போயி நடந்ததைச் சொன்னேன். ஒரே போன்தான். பொதுமக்கள் கொடுக்கற நன்கொடையை மறுக்கக் கூடாது, வாங்கி வச்சுக் கணக்குல ஏத்துங்கன்னு உத்தரவு வந்துருச்சு. அந்தம்மா எழுதிப் போட்டுப் பார்த்துது, ஆகலை. பந்தல் மறுபடியும் போட்டோம். இந்தத் தடவை சிரிக்கச் சொன்னேன். சிரிக்கலை. பரவால்லைன்னு போட்டோக்காரன் அதை ஓரமா வெட்டிட்டான்.

வேலாயுதம் இருக்கானே, அவன் என்னைத் தனியாப் புடிச்சான். "அண்ணா, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தினா இந்த ஊர்ல சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் குமிஞ்சு கெடக்குதுன்னு கிடங்குல காட்டும். அடுத்த தடவை நமக்கு வர்றதை வெட்டிருவாங்க. இதுவும் தேதி முடிஞ்சிரும், அதுவும் வராது. நீங்களே ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துங்கண்ணா" அப்படீங்கறான். நான் சொன்னேன், உன்ற கம்ப்யூட்டர் சோலியை நீ பாருடா, எனக்குப் பாடம் எடுக்காதேன்னு. மாத்திரை எண்ணிக் கவர்ல போடறவனுக்கு இத்தனை வாயி.

அவன் சொன்ன மாதிரியே ஆச்சுன்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க. ஆச்சுங்க, ஆகலைன்னு சொல்லலை. ஆனா அது எப்படி என்ற தப்பாகும்? கிடங்குல உக்காந்திருக்கறவன் கேக்கோணுமில்ல, ஏம்ப்பா அங்க இருக்கற மாத்திரை நல்லதா கெட்டதான்னு? கேக்கலை. வெட்டிட்டான். இங்க நான் கொடுத்த பெட்டியை ஒரு ரூம்புல போட்டுப் பூட்டி வச்சிருந்தாங்க. மழைக்காலத்துல ஓடு ஒழுகி, சிரப்பு ஒழுகி, எலி பூந்து. ஒரு நாள் போயி எட்டிப் பார்த்தேன் தம்பி. இனிப்பும் மருந்தும் எலி மூத்திரமும் கலந்து ஒரு நாத்தம், கொடலைப் புடுங்கிட்டு வந்துது. அம்மா பேரு ஒட்டின பெட்டி மேல எலி குட்டி போட்டிருக்குது. ஒருத்தர் கொடுத்த பொருளை இப்படியா வச்சிருப்பாங்க? அன்னைக்கு நான் சோறு திங்கலை.

அப்படியே மாத்திரை இல்லைன்னு ஆயிப்போச்சு. சுகர்காரங்க, பிரஷர்காரங்க எல்லாம் மாசா மாசம் வந்து நின்னுட்டு வெறுங்கையோட போனாங்க. வெளிய வாங்கிக்கங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. நம்ம சனத்துக்குக் காசு கொடுத்து வாங்கற பழக்கம் இல்லீங்களே. ஒரு வாரத்துக்கு வாங்குவாங்க, அதையே ரெண்டாப் புட்டு வச்சுக்குவாங்க, அப்பறம் விட்டுருவாங்க.

அப்ப ஒரு நாள் சாயங்காலம் அந்தம்மா எங்க வீட்டுக்கு வந்துது. மொத தடவையா. நான் உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டனுங்க, சரி, வழிக்கு வந்துருச்சுன்னு. என்ற சம்சாரம் காப்பி போட்டுக் கொடுத்தா. அந்தம்மா டம்ளரைக் கையிலயே வச்சுக்கிட்டுப் பேசுது.

"ஐயா, நான் அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். மன்னிச்சிருங்க. நீங்க அந்தப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கறதா மேல ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். கணக்குல இருந்து எடுத்துருவாங்க. எங்க மாத்திரை எங்களுக்கு வந்துரும். வர்றவங்களை வெறுங்கையோட அனுப்ப என்னால முடியலய்யா."

கண்ணு கலங்குச்சு. நான் பார்த்தேன். கல்லு மனசுக்காரன் இல்லீங்க நான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கொடுத்ததைத் திரும்ப வாங்கறது எங்க குடும்பத்துல வழக்கமில்லை. போட்டோ வந்தாச்சு, ரசீது கொடுத்தாச்சு, அந்த வருசம் கோயமுத்தூர்ல ஒரு சங்கத்துல எனக்குச் சேவைக்காகக் கேடயம் வேற கொடுத்தாங்க. அதோ செவுத்துல இருக்குது பாருங்க. இத்தனைக்கும் பொறகு நான் போயி, அது நல்ல மருந்து இல்லீங்க, எடுத்துக்கறேன்னு சொன்னா எங்கம்மா ஆத்மா சாந்தி அடையுமா? முடியாதும்மான்னு சொல்லிட்டேன். மருந்து இருக்குது, கொடுக்கத் துப்பில்லைன்னு சொல்லு, ஏன் மத்தவங்க மேல போடறேன்னு கேட்டேன். காப்பியை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. வாய் வைக்கவே இல்லீங்க.

என்ற சம்சாரத்துக்கும் சுகர்தான். அவளுக்கு ஈரோட்டுல இருந்து வாங்கிட்டு வருவோம். அந்தப் பெட்டியில இருந்து ரெண்டு அட்டை எடுத்துக்கடின்னு அப்பவே சொன்னேன். தேதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு வேண்டாம்னுட்டா. அவ ஒரு மாதிரி. பொம்பளைங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.

டீ வந்துருச்சு, எடுத்துக்கங்க. சக்கரை வேணுங்களா? சரிங்க.

பாவாயின்னு ஒருத்தி. நம்ம பட்டறையிலதான் தறிக்கு நூல் சுத்திக் கொடுக்கறா, எனக்குக் கல்யாணம் ஆன காலத்துல இருந்து. அவளுக்குச் சுகரு. ஆஸ்பத்திரி மாத்திரையிலதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. அது நின்னுபோச்சு. நின்னுபோச்சுன்னு என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்க. சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருப்பேன். அட்வான்ஸ் கேட்டா ஒரு தடவை, எதுக்குன்னு சொல்லலை, நானும் இல்லைன்னுட்டேன். கால்ல ஆணியோ தகரமோ என்னமோ கிழிச்சிருக்குது. அதையும் சொல்லலை. துணியைச் சுத்திக்கிட்டு வந்து உக்காந்துக்கிட்டா.

ஒரு வாரமா பட்டறைக்குள்ள ஒரு நாத்தம். நான் கழிவுப் பஞ்சு மூட்டைக்குள்ள எலி செத்துக் கெடக்குதுன்னு எல்லா மூட்டையையும் பிரிக்கச் சொல்லி, பினாயில் ஊத்தி, சாம்பிராணி போட்டு. போகவே இல்லை. துணி வாங்க வந்த சேட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னாரு. மானம் போச்சு. அப்பறம் பார்த்தா அவ காலு. இதோட வந்து உக்காந்திருக்கியே, நீயெல்லாம் மனுசியான்னு கேட்டேன். பின்னால பொடக்காளியில, கக்கூசை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு இருக்குது, அங்க உக்காந்து சுத்துன்னு சொன்னேன். வேலையை விட்டு நிறுத்தலைங்க. வேற மொதலாளின்னா நிறுத்தியிருப்பான்.

அங்கயே மயக்கம் போட்டு விழுந்துட்டா. வேலாயுதத்துக்கு எவனோ போன் பண்ணியிருக்கான். டாக்டரம்மாவே ஓடி வந்துது. அந்தக் காலை மடியில எடுத்து வச்சுத் துணியைப் பிரிச்சுது தம்பி. நான் வாசப்படியில நின்னு பார்த்தேன், அதுக்கு மேல பார்க்க முடியலை. அந்தம்மா முகத்துல அருவருப்பே இல்லை. ஆனா நிமிர்ந்து என்னைப் பார்த்துது பாருங்க, அப்ப இருந்துச்சு. என்னைப் பார்த்து. நான் என்ன பண்ணினேன்?

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. உசுரு தப்புச்சு.

நான் சும்மா இருந்துட்டேன்னு நெனைக்காதீங்க. அம்மா நினைவு நாளைக்கு அவளுக்கு ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். புதுசுங்க, பழசு இல்லை. எம்.எல்.ஏ. வரதுக்கு லேட்டாயிருச்சு, அது வரைக்கும் அவளை மேடையிலதான் உக்கார வச்சிருந்தோம், எறக்கி ஏத்தறது செரமம்னு. தண்ணி கேட்டான்னாங்க, கொடுக்கச் சொன்னேன். போட்டோ எடுக்கறப்ப சேலை மறைக்குது, காலு இல்லாதது தெரியலைன்னு போட்டோக்காரன் சொன்னான். அவன் தொழில் அவனுக்கு. கொஞ்சம் ஒதுக்கிக்க பாவாயின்னு நான்தான் சொன்னேன். ஒதுக்கினா. நல்லா வந்துது போட்டோ. ஒரு நன்றி சொல்லோணுமே? மைக்கை வாய்க்கிட்டக் கொண்டுபோயி வச்சேன். வாயே தெறக்கலை. அந்த நாற்காலியைக் கொண்டுபோனாளே, அவ வீட்டுச் சந்துல அது நொழையலைன்னு வெளிய போட்டு, ஆட்டுக்குட்டியைக் கட்டி வச்சிருக்காங்க. போயிப் பாருங்க, வெறுத்துப்போயிரும் உங்களுக்கு.

அந்த விழா முடிஞ்ச மறுநாளு. காலையில வாசத் தெளிச்சுட்டு இருக்காங்க, ஒரு டிராக்டர் வந்து நிக்குது. மேல பூராவும் பெட்டி. முன்னால வேலாயுதம், பின்னால பைக்குல அந்தம்மா. என்ற கேட்டு முன்னால ஒண்ணொண்ணா எறக்கி அடுக்கறாங்க. தெருவே கூடிருச்சு. எல்லாப் பெட்டி மேலயும் எங்கம்மா பேரு. நனைஞ்சு உப்பி, பூஞ்சை புடிச்சு. சின்னப் புள்ளைங்க மூக்கைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குதுங்க.

"உங்க பொருள் ஐயா இது. கணக்குல இருந்து எடுத்துட்டேன். என்ன நடவடிக்கை எடுத்தாலும் எடுத்துக்கட்டும்."

அவ்வளவுதான் சொல்லுச்சு. சத்தம் போடலை, ஒண்ணுமில்லை. நான் உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டேன்.

நடவடிக்கை எடுக்காம விடுவாங்களா? உத்தரவில்லாமக் கணக்குல கை வச்சது, அரசாங்க இருப்புல இருந்த மருந்தை வெளிய அனுப்பினது. நான் பெரிசா ஒண்ணும் சொல்லலை. இருக்கறதைச் சொன்னேன். மலைமேல எங்கயோ ஒரு ஊருக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க. அது போன அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நம்ம சனம் கூட்டமா நின்னுதுன்னாங்க. பொழுது போகாத சனம்.

அப்பறம் பாருங்க, மாத்திரை வந்துருச்சு. தானா வந்துருச்சு. கிடங்குல இருந்து எப்பவும் போல அனுப்பிச்சுட்டாங்க. இதுக்குப் போயி அத்தனை ஆர்ப்பாட்டம். கொஞ்சம் பொறுத்திருந்தா அதுவே வந்திருக்கும். பஸ்ஸுல பெட்டியைத் தூக்கிட்டு வேலாயுதம் இன்னும் போயிட்டுத்தான் வர்றான். என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கறான்.

இப்ப விசயத்துக்கு வரேன். அடுத்த வாரம் அம்மா நினைவு நாளு. இந்த வருசம் ஆஸ்பத்திரிக்குள்ளயே ஒரு ரூம்பு ஒதுக்கி, காளியம்மாள் நினைவு மருந்து வங்கின்னு போர்டு வச்சுத் தெறக்கறதா ஏற்பாடு. மேல சொல்லியாச்சு. கணக்குல ஏத்திக்கச் சொல்லி உங்களுக்கு உத்தரவு வரும். பழைய பெட்டியில நல்லா இருக்கறதைப் பொறுக்கித் தொடைச்சு வேற பெட்டியில போட்டிருக்கோம். கோயமுத்தூர்ல இருந்து புதுசாவும் வந்திருக்குது. தேதியா? தேதியெல்லாம் கம்பெனிக்காரன் அவன் யாவாரத்துக்குப் போடறது தம்பி. மாத்திரை என்ன, தயிரா? புளிச்சுப் போறதுக்கு. என்ற காருல பின்சீட்டு பூராவும் ஏத்தி வச்சிருக்கேன். டிரைவரு உங்க கூடவே வந்து எறக்கிக் கொடுத்துருவான். நீங்க சின்ன வயசு. முன்னுக்கு வரோணும். அந்தம்மா மாதிரி இல்லாம நாலு பேரை அனுசரிச்சுப் போனீங்கன்னா உங்களுக்கு எந்தக் கொறையும் வராம நான் பார்த்துக்கறேன்.

டீயை அப்படியே வச்சிருக்கீங்களே. ஆறிப்போச்சா?

யாரு, பாவாயியா? இருக்கா, இங்கதான் இருக்கா. பொடக்காளி சாய்ப்புலதான் உக்காந்து சுத்தறா. பொறகு எங்க போவா? கூலி கொஞ்சம் கொறைச்சிருக்கேன், முன்ன மாதிரி வேகம் இல்லீங்களே. இப்பவேவா பார்க்கோணும்? அங்கெல்லாம் நீங்க வரோணுமா, பஞ்சுத் தூசி. சரி, வாங்க. குனிஞ்சு வாங்க, தகரம் தலையில படும்.

பாவாயி. டாக்டரு வந்திருக்காரு பாரு, புது டாக்டரு. எந்திரிக்க வேண்டாம், உக்காரு. வணக்கம் சொல்லு.

எதுக்குங்க அந்தக் காலைப் பார்க்கறீங்க? அது நல்ல காலுங்க. போனது இந்தப் பக்கம். அட, கட்டு போட்டிருக்குது. ஏம்புள்ள, இது எப்ப ஆச்சு? தம்பி, வெறுங்கையில தொடாதீங்க. ஐயோ, அந்த நாத்தம். நான் இப்படித் தள்ளி நின்னுக்கறேன். மாத்திரை இப்ப வருதுல்ல, வாங்கித் திங்க வேண்டியதுதான? ஏம்புள்ள, கால்ல புண்ணு வந்துருச்சுன்னு ஒரு வார்த்தை என்ற கிட்டச் சொல்றதுக்கென்ன?

என்ன? சத்தமாச் சொல்லு.

"சொன்னா மறுபடியும் மேடையில ஏத்துவீங்க."

கேட்டீங்களா தம்பி. கேட்டுக்கங்க. இத்தனை வருசம் சோறு போட்ட கைக்கு இதுதான் பதிலு. நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே கேட்டுக்கங்க.

என்னங்க, இப்பவேவா? பெரியாஸ்பத்திரிக்கா? ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க, வந்துரும். வர நேரமாகும்னா இருக்கட்டுமே, இத்தனை நாள் இருந்தவ இன்னும் கொஞ்ச நேரம் இருக்க மாட்டாளா? காரா? என்ற காரா? தம்பி, அது புது சீட்டுங்க. அதுவுமில்லாம பின்னால எடமில்லை, பெட்டி இருக்குதுன்னு சொன்னனே.

தம்பி, எங்க போறீங்க. டேய், டிரைவரு, கார்க் கதவைத் தெறக்காதடா. நீ யாருகிட்டச் சம்பளம் வாங்கற? தம்பி, நான் பேசிக்கிட்டிருக்கேன். எறக்காதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. அதைத் தரையில வைக்காதீங்க, மண்ணுங்க, மண்ணு. வீணாப் போயிருமுங்க. மருந்துங்க அது.